ஒன்பது எட்டணா

மூடியை முதலில் தளர்த்தவேண்டும்,
கிளாம்பை அதற்குப் பிறகுதான்.
மாற்றிச் செய்தால் மூடியோடு காலும் சுற்றும்,
அதைப் பிடித்துக்கொண்டு நாமும் சுற்றவேண்டியதுதான்.
வில்பிரட் இதைச் சொல்லவில்லை.
இடது காலோடு கால்மணி நேரம் சுற்றி
நானே கண்டேன்.

ஞாயிறு. பூசை முடிந்து வந்த கையோடு
சாமுராயை நடுஸ்டாண்டில் ஏற்றி
என்ஜினடியில் ரெண்டு செங்கல், ஒரு பலகை.
முன்சக்கரம் கழன்று வந்ததும்
பல்செட்டைக் கழற்றிய மாமனார்போல இருந்தது வண்டி.

கத்தாரில் அவனுக்குச் சாப்பாட்டு நேரம்.
தென்னையில் சாத்திவைத்த போனிலிருந்து
மென்றபடியே சொன்னான்:
"பைய, பைய. அது ஸ்பிரிங்காக்கும். மூஞ்சில அடிக்கும்."

அடிக்கவில்லை.
சில்லறை விழுந்தது.

பழைய எட்டணாக்கள், எண்ணெயில் ஊறிக் கறுத்தவை,
இடது காலில் ஐந்து,
வலது காலில் நாலு.

"அந்தச் சவத்த எடுக்காத. அப்பிடியே திருப்பிப் போடு."
எதுக்கு?
"முன்னாடி பதியாம இருக்கியதுக்கு. எனக்க வெயிட்டு
எம்பத்தேழு. பொறத்த நீ. டேங்குமேல பய. மனசிலாச்சா?"
சரி. அஞ்சும் நாலும், அதென்ன கணக்கு?
கொஞ்சநேரம் மென்றான்.
"அண்ணைக்கிக் கையில அதுதான் கெடந்து."

நாலு வருடமாக இந்த வண்டியில்
ஐம்பத்தொரு கிலோ மட்டும்தான் போகிறது.
குளச்சலிலிருந்து திங்கள்சந்தை லேபுக்கு,
வழியில் மூன்று வீட்டில் ரத்தம் எடுத்துக்கொண்டு.
ஒவ்வொரு குழிக்கும் மணிக்கட்டு பதில் சொல்லும்.
ராத்திரி தைலம் தேய்க்கையில்
வயசாகிவிட்டது என்று நினைத்திருந்தேன்,
முப்பத்து நாலில்.

எண்ணெய் வடித்தேன்.
அழுகிய சாளை நாற்றம்.
இடது எழுபது மில்லி, வலது நூற்றிப் பத்து.
இருக்கவேண்டியது ஒவ்வொன்றிலும் நூற்றி நாற்பது.
ரெண்டு குப்பியில் ஊற்றி, லேபிள் ஒட்டி,
(லேபிள் ஒட்டாமல் எனக்குக் கை வராது)
சுவரோரம் நிறுத்தினேன்.
ஒரு மணி நேரத்தில் அடியில் படிந்தது
மணவாளக்குறிச்சிக் கரையில் மினுங்குமே,
அந்தக் கறுப்பு மண்.

அடி போல்ட்டு தனக்குள்ளேயே சுற்றியது.
வாரியல் கம்பின் நுனியைச் சதுரமாகச் செதுக்கி
மேலிருந்து உள்ளே இறுக்கினேன், நின்றது.
உப்புக்காற்று குரோமில் அம்மைத் தழும்பு போட்டிருந்தது;
அறுநூறாம் நம்பர் எமரியில் எண்ணெய் தொட்டுத் தேய்த்தேன்,
நகத்தில் தட்டாத வரைக்கும்.
வடசேரியில் வாங்கிய புதுச் சீலை
ஒரு துண்டு பிவிசி பைப்பு வைத்துத் தட்ட,
சத்தம் மாறும் இடத்தில் நிறுத்தினேன்.

பிறகு சிரிஞ்சு.
பத்து மில்லி, பதினாலு தடவை.
இது என் பணி. இதில் எனக்கு யாரும் சொல்லித்தரவேண்டாம்.
மெல்ல ஏற்றி இறக்க
உள்ளே இருந்த காற்று
குழந்தை ஏப்பம்போல வந்தது.

கடைசியில் மூடி.
ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டே திருகவேண்டும்,
ரெண்டு ஆள் பணி என்றான்.
ஸ்டூலில் ஏறிக் குனிந்து
ஐம்பத்தொன்றையும் அதன்மேல் போட்டேன்.
நாலாவது தடவை மரை கடித்தது.

"போட்டியா?"
போட்டாச்சு.
நான் மூடியைச் சொன்னேன்.
அவன் எதைக் கேட்டான் என்பதற்குள்
நெட்டு போய்விட்டது.

திங்கட்கிழமை, இரணியல் பாலத்துக்கு முந்தைய குழி.
முன்பக்கம் உள்ளே போனது,
நின்றது,
அவசரமில்லாமல் திரும்பி வந்தது.
பெட்டிக்குள் குழாய்கள் கிலுங்கவில்லை.

எட்டணாக்களைப் பெட்ரோலில் கழுவி வைத்திருந்தேன்.
ஏழுதான் இருக்கிறது;
ரெண்டைப் பயல் கேரம்போர்டுக்கு எடுத்துப்போனான்.
இடது காலில் ஒரு சொட்டு இன்னும் கசிகிறது.
செம்பு வாஷரை மாற்றாமல் விட்டேன்.
அடுத்த ஞாயிறு பார்க்கவேண்டும்.